ஊருக்கே தெரிந்த மர்மம்

ஒரு சின்ன ஊர். ஒரு பெண்ணோ பையனோ காணாமல் போகிறார். ஸ்டேஷனில் புகாரை வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். ஊர்க்கோடியில் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் இருக்கிறார். மனைவி இறந்துவிட்டார், மகன் அமெரிக்காவில், பொழுதுபோக்குக்கு ரோஜாச் செடி. காணாமல் போனவரின் தாய் வந்து அழுகிறார். "நான் ரிட்டயர் ஆயிட்டனுங்கம்மா" என்கிறார் அவர். அடுத்த அத்தியாயத்தில் பழைய டைரியைத் தூசி தட்டுகிறார். இருநூறு பக்கம் கழித்து, மொத்த டிபார்ட்மெண்டும் கோட்டைவிட்டதை ஒற்றை ஆளாகக் கண்டுபிடிக்கிறார். குற்றவாளி எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பிக்கிறான். சுபம்.

பேருந்துப் பயணத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கதையைச் சேலம், நாமக்கல் சமவெளியில் கொண்டுவந்து வைத்தால் அது பொய்யாகிவிடுகிறது. பொழுதுபோக்கு என்று விட்டுவிட முடியாத பொய். ஒருவர் காணாமல் போனால் குறைவது மூளை என்றும், ஒரு புத்திசாலி வந்துவிட்டால் உண்மை வெளிவந்துவிடும் என்றும் இந்தக் கதை சொல்கிறது. இந்த மண்ணில் நடந்தது வேறு. இங்கே ஊருக்குத் தெரிந்திருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

எங்கிருந்து வந்தார் இவர்?

ரோஜாச் செடிக்கே ஒரு வரலாறு உண்டு. 1868ல் வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்' நாவலில் வரும் சார்ஜெண்ட் கஃப் என்ற துப்பறியும் அதிகாரிக்கு ரோஜா வளர்ப்பதில் பித்து. வேலையை விட்டுத் தோட்டம் போட்டவர், பாதியில் விட்ட வழக்குக்காகத் திரும்பி வருகிறார். அகதா கிறிஸ்டியின் புவாரோ பெல்ஜியத்தில் போலீஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 1926ல் வந்த 'ரோஜர் அக்ராய்ட் கொலை'யில் அவர் ஒரு கிராமத்தில் பூசணி வகைக் காய் ஒன்றைப் பயிரிட்டுக்கொண்டிருக்கிறார். செடியும் ஓய்வும் கிராமமும் சேர்ந்த இந்தப் பொட்டலம் இங்கிலாந்தில் கட்டப்பட்டது.

தமிழில் நெடுங்காலம் இவருக்கு இடமே இருக்கவில்லை. ஜே.ஆர்.ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனை உருவாக்கினார். தேவனின் சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா. அசட்டு அதிர்ஷ்டத்தில் கண்டுபிடிப்பவர். தமிழ்வாணனுக்குச் சங்கர்லால், சுஜாதாவுக்குக் கணேஷ், வசந்த் என்ற இரண்டு வக்கீல்கள், சுபாவுக்கு நரேந்திரன், வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத், சுசீலா. இவர்களில் யாரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு துப்பறியவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு பெருமை உண்டு. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் 1935ல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1960களில் துப்பறியும் படங்களுக்குப் பேர்போனது. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) இரண்டிலும் ஜெய்சங்கர்தான். கோட்டு, துப்பாக்கி, ரகசிய அறை எல்லாம் உண்டு. ஏற்காடு அடிவாரத்தில் உட்கார்ந்து எடுத்த படங்களில் ஓமலூரோ ராசிபுரமோ வர வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை. அது அந்தக் காலத்துச் சினிமா, விட்டுவிடலாம்.

ஓய்வுபெற்றவர் தமிழுக்கு வந்து சேர்ந்தது பின்னால்தான். மலையாளத்தில் 'ஜோசப்' (2018) வந்தது, அதுவே தமிழில் 'விசித்திரன்' (2022) ஆனது. அதற்கு முன்பே 'துருவங்கள் பதினாறு' (2016) ஓர் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பழைய வழக்கைச் சொல்வதாக அமைந்தது. ஏன் இப்போது இவர் தேவைப்படுகிறார்? பணியில் இருக்கும் போலீஸை நம்பி ஒரு கதாநாயகனைச் செய்ய எழுத்தாளர்களுக்குத் தயக்கம் வந்துவிட்டது. லாக்கப் மரணமும் லஞ்சமும் மேலிடத்து போனும் வாசகருக்குத் தெரியும். ஆனால் போலீஸ் மிடுக்கின் மீதுள்ள மயக்கம் போகவில்லை. அதனால் ஒரு சமரசம்: டிபார்ட்மெண்டின் திறமை முழுவதும் அவரிடம் இருக்கும், டிபார்ட்மெண்டின் பாவம் எதுவும் அவரிடம் இருக்காது. சீருடையைக் கழற்றியதும் கறையும் சேர்ந்து கழன்றுவிட்டதாம்!

முப்பது வருடம் அதே ஸ்டேஷன்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு கதையாவது கேட்கிறதா? இன்று ஓரமாகக் கிடக்கும் புகாரைப் போல அவர் எத்தனை புகாரை ஓரமாக வைத்தார்?

சட்டம் என்ன சொல்கிறது?

சரி, உண்மையிலேயே ஒரு ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் கிளம்புகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவரால் என்ன முடியும்? ஒரு வீட்டைச் சோதனை போட முடியாது. ஒரு பொருளைக் கைப்பற்ற முடியாது. சம்மன் அனுப்பி யாரையும் வரவழைக்க முடியாது. செல்போன் அழைப்புப் பட்டியலை நிறுவனத்திடம் கேட்க எஸ்.பி. அந்தஸ்தில் உள்ள அதிகாரி வேண்டும். கதையில் வரும் "என்கிட்ட பழைய பழக்கத்துல ஒரு பையன் இருக்கான், லிஸ்ட் எடுத்துத் தருவான்" என்பது சட்டப்படி ஒரு குற்றம். அப்படித் திருட்டுத்தனமாக வந்த பட்டியலை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விட மாட்டார்.

இதில் வேடிக்கையான இடம் ஒன்று உண்டு. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இது 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவு. ஓய்வுபெற்றவர் போலீஸ் அதிகாரி அல்ல என்பதால் அவரிடம் சொன்னதற்கு இந்தத் தடை இல்லை. அப்பாடா என்று மூச்சு விட வேண்டாம். நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு தனி ஆளிடம் கொடுத்த ஒப்புதலை பலவீனமான சாட்சியம் என்றுதான் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. மற்ற ஆதாரம் இல்லாவிட்டால் அதை நம்பித் தண்டிப்பது கடினம். அதாவது, நாவல் எங்கே முடிகிறதோ அங்கேதான் வழக்கின் கஷ்டமே தொடங்குகிறது.

நடந்த கதை

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், வயது 21, தலித் இளைஞர். தன்னுடன் படித்த தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். தோழி ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர். கோயிலில் ஒரு கும்பல் அவர்களை மறித்தது. கோகுல்ராஜ் வீடு திரும்பவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடைத்தது.

உடலோடு ஒரு தற்கொலைக் கடிதமும் இருந்தது. தானே சாகப்போவதாக அவர் பேசும் வீடியோ ஒன்றும் பிறகு வெளியில் வந்தது. கவனித்துப் பாருங்கள்: காதல் தோல்வி, கடிதம், தண்டவாளம். மலிவான துப்பறியும் நாவலின் அத்தனை சாமான்களும் இங்கே உண்டு. அவற்றைச் சேர்த்து வைத்தவர்கள் கொலைகாரர்கள். ஊரில் மர்மக் கதை எழுதியவர்கள் அவர்கள்தான். அதை முதலில் படித்த போலீஸும் சந்தேக மரணம் என்றே பதிவு செய்தது. போராட்டங்களுக்குப் பிறகே அது கொலை வழக்காக மாறியது.

முக்கியக் குற்றவாளியான யுவராஜ், ஒரு சாதி அமைப்பின் தலைவர். மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் ஆடியோ வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஊர் ஊராக அதைக் கேட்டார்கள். யார் என்று தெரியாத குற்றவாளியைத் தேடும் கதையா இது? குரலோடும் பெயரோடும் ஊர்ப் பையில் இருந்த ஒரு குற்றவாளி! அவராக 2015 அக்டோபரில் நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்தில் வந்து சரணடைந்தார்.

இடையில் 2015 செப்டம்பர் 18 அன்று, இந்த வழக்கு விசாரணையில் இருந்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். வயது 27. அந்த மரணம் பற்றிய விசாரணை சி.பி.ஐ. வரை போனது. நாவலில் வருபவர் 60 வயதில், எந்த அழுத்தமும் எட்டாத உயரத்தில் உட்கார்ந்து யோசிக்கிறார். இங்கே பணியில் இருந்த ஒரு இளம்பெண் அந்த ஆண்டைத் தாண்டவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முன்னவரின் ரோஜாத் தோட்டம் கொஞ்சம் கூசும்.

வழக்கு நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. சாட்சிகள் பலர் பிறழ்சாட்சி ஆனார்கள். மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்து, யுவராஜுக்குச் சாகும்வரை சிறை விதித்தது. மேல்முறையீட்டில், அன்று கோயிலுக்கு உடன் சென்ற தோழியை உயர் நீதிமன்றம் கூண்டில் ஏற்றிக் கோயில் சிசிடிவி பதிவைப் போட்டுக் காட்டியது. படத்தில் இருக்கும் பெண் தான் அல்ல என்றார் அவர். நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் திருச்செங்கோட்டுக்கே வந்து, கேமராக்கள் எங்கே இருந்தன என்று கோயிலில் நேரில் பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

கணக்குப் போடுங்கள். காணாமல் போன நாளிலிருந்து ஏறக்குறைய 8 ஆண்டுகள். இந்த 8 ஆண்டுகளை இழுத்துக் கரைசேர்த்தவர்கள் யார்? மகனுக்காக நீதிமன்றப் படி ஏறிக்கொண்டே இருந்த தாய், சிறப்பு அரசு வழக்கறிஞர் ப.பா.மோகன், பேசாமல் சுவரில் தொங்கிய ஒரு கேமரா. ரத்தக்கறையைப் பார்த்ததும் கண்ணை இடுக்கும் மேதை இந்தப் பட்டியலில் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். டீக்கடையிலும் திண்ணையிலும் அது சரிதான். கூண்டில் ஏறச் சொன்னால் அதே வாய் தானாக மூடிக்கொள்ளும். ஏன் மூடுகிறது, எப்படி மூட வைக்கிறார்கள், மூடாமல் இருப்பவருக்கு என்ன விலை? இந்தச் சமவெளியின் மர்மம் இதுதான்.

சாதி இல்லாத இன்ஸ்பெக்டர்

நாவலில் வரும் ஓய்வுபெற்றவருக்கு எல்லாம் உண்டு. மூட்டுவலி, சர்க்கரை, குற்ற உணர்ச்சி, குடி. சாதி மட்டும் கிடையாது. ஓமலூரிலோ சங்ககிரியிலோ அப்படி ஒருவர் குடியிருக்க முடியுமா? அவர் எந்தத் தெருவில் வீடு கட்டினார், மகளை எங்கே கட்டிக் கொடுத்தார், எந்தக் கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்காருகிறார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். காணாமல் போனவரின் தாய் அவர் வீட்டு வாசலில் நின்று அழ முடியுமா, நடை வரைக்கும் வர முடியுமா என்பதே அந்தத் தாய் யார் என்பதைப் பொறுத்தது. வேலையிலிருந்து 60 வயதில் ஓய்வு கிடைக்கும். சாதியிலிருந்து யாருக்கும் ஓய்வு கிடையாது.

"எந்த ஊருங் கண்ணு, யாரு வூட்டுப் பையன்?" என்று இந்தப் பக்கம் கேட்பார்கள். அன்பான கேள்விதான். அதே கேள்வி பல சமயம் சாதியைத் தெரிந்துகொள்ளவும் உதவுகிறது. எந்தத் துப்பறிவாளரும் இவ்வளவு சுருக்கமாக விசாரித்ததில்லை. புதிதாக ஒரு பைக் தெருவுக்குள் வந்தால் நம்பரை மனப்பாடம் செய்துகொள்ளும் ஊர் இது. லாரியிலும் ரிக் வண்டியிலும் மாதக்கணக்கில் வெளி மாநிலம் போகிற ஆண்கள் எப்போது கிளம்பினார்கள், எப்போது வருவார்கள் என்பது பக்கத்து வீட்டுக்கு அத்துப்படி. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் காணாமல் போனது யாருக்கும் தெரியாமல் இருந்தது என்று எழுதுவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர் என்றாலே நல்லவர் என்ற கணக்கும் இங்கே செல்லாது. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் விருப்ப ஓய்வு பெற்ற ஓர் அரசு செவிலியர், குழந்தைக்கு விலை பேசும் ஆடியோ வெளியானது. பல ஆண்டுகளாகக் குழந்தைகளை விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. எந்த ஸ்டேஷனிலும் காணவில்லை என்று புகார் வராத காணாமல் போதல் அது. அதையும் எந்தத் துப்பறிவாளரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு போன் பேச்சு வெளியே கசிந்தது, அவ்வளவுதான்.

கதையில் எல்லாம் வேண்டுமா?

"கதை கதையாக இருக்கட்டும், வழக்குக் கட்டா எழுத முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் வெளியிலேயே இருக்கிறது. (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

சுவிட்சர்லாந்து எழுத்தாளர் டூரன்மாட் 1958ல் ஒரு நாவல் எழுதி, அதைத் துப்பறியும் நாவலுக்கான இரங்கற்பா என்றே அழைத்தார். கொலையான சிறுமியின் தாய்க்கு வாக்குக் கொடுத்த ஓர் அதிகாரி, வேலையை விட்டுவிட்டு ஒரு பெட்ரோல் பங்கில் கொலைகாரனுக்காகக் காத்திருக்கிறார். அவருடைய கணக்கு அத்தனையும் சரி. ஆனால் வழியிலேயே கொலைகாரன் விபத்தில் செத்துவிட்டான். அது தெரியாமல் அவர் காத்திருந்து காத்திருந்து பித்தாகிறார். 2020ல் டானா ஃபிரெஞ்ச் எழுதிய 'தி சர்ச்சர்' இன்னும் நெருக்கமானது. சிகாகோவில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் அயர்லாந்து கிராமத்தில் குடியேறுகிறார். காணாமல் போன அண்ணனைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு பிள்ளை வந்து நிற்கிறது. கடைசியில் தெரிவது, பக்கத்து வீட்டுக்காரர் உட்பட ஊர் ஆண்கள் சிலருக்கு எல்லாமே தெரியும் என்பது. அவரும் அந்த மௌனத்தில் ஒரு பங்காளி ஆகிறார். இரண்டும் விறுவிறுப்பான கதைகள்தான். ஓய்வுபெற்றவரை மீட்பர் ஆக்காமல் அவரையே கேள்வி கேட்டதால்தான் அவை நிற்கின்றன.

தமிழிலும் முடியும். 'சுழல்' (2022) தொடரில் காணாமல் போகும் பெண்ணைத் தேடுவது பணியில் இருக்கும் எஸ்.ஐ.; அவர் அதே ஊர்க்காரர், ஊரின் கணக்குவழக்குகளில் சிக்கியவர். ஆனாலும் ஊருக்குக் கற்பனைப் பெயர்தான்.

கற்பனைப் பெயருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015 ஜனவரியில், கோகுல்ராஜ் காணாமல் போவதற்கு ஐந்து மாதம் முன்பு, இதே திருச்செங்கோட்டைச் சேர்ந்த பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலுக்காக நாமக்கல் கலெக்டர் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டு, மன்னிப்பும் எழுதிக் கொடுத்து, எழுத்தையே விடுவதாக அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே மறுபடி எழுத வந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எழுத்தாளர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தைக் குறை சொல்வதற்கில்லை. பயத்தை மறைக்க ஒரு பொம்மை இன்ஸ்பெக்டரை நிறுத்துவதைத்தான் குறை சொல்ல வேண்டும். பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்ற ஒன்றை மாற்றினால் மிஞ்சுவது குறுக்கெழுத்துப் போட்டிதான்.

கதையின் கேடு கதையோடு நிற்பதும் இல்லை. இந்தக் கதைகளில் வளர்ந்த குடும்பம், பிள்ளையைக் காணோம் என்றதும் செல்வாக்கான ஒரு பெரிய மனிதரைத் தேடித்தான் ஓடுகிறது. புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்பதோ, வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும் என்பதோ அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. காணாமல் போனது குழந்தை என்றால் கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு வழக்குப் பதிய வேண்டும் என்று 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். இதில் எதையாவது ஒரு மர்ம நாவல் வாசகருக்குச் சொன்னதுண்டா? ரிகர் மார்டிஸ் எத்தனை மணி நேரத்தில் தொடங்கும் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்!

இந்தச் சமவெளியிலிருந்து ஒரு நல்ல மர்ம நாவல் வர வேண்டும். அதில் குற்றவாளி யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடட்டும். கோயில் படிக்கட்டில் பூ விற்றவர், பார்க்கிங்கில் டோக்கன் கிழித்தவர், எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி என்று பார்த்தவர்கள் வரிசையாக வரட்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு வக்கீல் கேட்கட்டும், அன்று நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று. அவர்களில் யார் உண்மையைச் சொல்லப் போகிறார் என்பதைத் தெரிந்துகொள்ள வாசகர் கடைசிப் பக்கம் வரைக்கும் வருவார். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரும் அதில் இருக்கலாம். ஆனால் அவரும் கூண்டில் ஏற வேண்டும், மற்ற சாட்சிகளைப் போல.